பன்னிரண்டு பேர் சேர்ந்து விறகுச் சூளை கட்டும்போது

புதுச்சேரிக்கு அருகே நண்பர் ஒருவருடைய நிலத்தில், மட்பாண்டக் கலை பயின்ற பன்னிரண்டு பேர் சேர்ந்து ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் கல்போல் இறுகும் மட்பாண்டம்) சுடுவதற்கான விறகுச் சூளை கட்ட விரும்புகிறீர்கள். ஜப்பானிய அனகாமா போல நீண்ட சூளையாகக் கட்டலாமா, எவ்வளவு கல் (வெப்பம் தாங்கும் ஃபயர் பிரிக்) வேண்டும், வேலையை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் சூளையாக அனகாமா வேண்டாம் என்பதே என் பதில். ஒரே ஒரு தீயறையும் சுமார் 40 கன அடிப் பாத்திர அறையும் கொண்ட, ஒரு நாளில் சுட்டு முடிக்கக்கூடிய சூளையைக் கட்டுங்கள். அதற்கான காரணங்களையும் அளவுகளையும் கீழே விரிவாக எழுதுகிறேன்.

கூட்டாகச் சூளை கட்ட முனைபவர்கள் பெரும்பாலும் கட்டுமானத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். கட்டுவது ஒரு மாத வேலை. அதன் பிறகு பல ஆண்டுகள் அதை நிரப்ப வேண்டும், விறகு பிளக்க வேண்டும், இரவு விழிக்க ஆள் வேண்டும். எனவே சூளையின் அளவை உங்கள் குழு எவ்வளவு பாத்திரம் செய்கிறது என்பதிலிருந்து கணக்கிடுவதுதான் முறை. 40 கன அடி அறையில் தீச்சுவாலை சுற்றிவர வேண்டிய இடத்தை விட்டுவிட்டால், பாத்திரங்களை ஏற்றும் சூளைத்தட்டுகளை அடுக்க 2 அடிக்கு 3 அடி பரப்பும் 3 அடி உயரமும் கிடைக்கும்; அதாவது பயன்படும் கொள்ளளவு 18 கன அடிதான். காபிக் குவளைகளாக மட்டும் அடுக்கினால் சுமார் 200 குவளைகள் பிடிக்கும். பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு. வேறு வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் இரண்டு மூன்று மாதத்தில் செய்யக்கூடிய அளவு இது. இதைப்போல ஐந்து மடங்கு பெரிய அனகாமாவை நிரப்ப ஆயிரம் பாத்திரங்கள் வேண்டும். அதை நான்கைந்து நாள் இரவும் பகலும் எரிக்க வேண்டும். நிரம்பக் காத்திருந்தே ஆண்டு கழிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை சுடுபவருக்குத் தன் சூளையின் குணம் ஒருபோதும் பிடிபடாது. சிறிய சூளையை ஆண்டுக்கு நான்கைந்து முறை சுட்டால், இரண்டாம் ஆண்டிலேயே அது எங்கே சூடு குறைகிறது, எந்தக் காற்றுக்கு எப்படி இழுக்கிறது என்பதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அனகாமாவின் மீதான ஆசை எனக்கும் புரிகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற அந்தச் சுரங்க வடிவச் சூளையில், நாட்கணக்கில் பறக்கும் சாம்பல் பாத்திரத்தின் தோளில் படிந்து உருகி வழிகிறது. ஷிகாராகி, பிஸென் ஆகிய ஜப்பானிய ஊர்களின் பாத்திரங்களுக்குரிய அழகெல்லாம் அந்த நீண்ட நேரத்தின் விளைவுதான். ஆனால் சாம்பல் படிவதும் களிமண் செந்நிறம் ஏறிச் சிவப்பதும் சிறிய சூளையிலும் நடக்கும்; தீயறையை ஒட்டிய முன்வரிசையில் அதை நீங்கள் கண்கூடாகக் காண்பீர்கள்.

நம் ஊர் வேளார் சூளையைப் பார்த்துவிட்டு அதையே கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா என்ற எண்ணமும் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அந்தச் சூளையில் வைக்கோல், வரட்டி, சுள்ளி எல்லாம் பாத்திரத்தோடு கலந்தோ அடியிலோ எரிகின்றன. தீ நேராக மேலே ஏறிப் போய்விடுகிறது. குளத்து மண்ணால் செய்த பானைக்கும் ஐயனார் குதிரைக்கும் தேவையான 700 முதல் 900 டிகிரி வெப்பத்துக்கு அது மிகப் பொருத்தமான, சிக்கனமான ஏற்பாடு. உங்களுக்குத் தேவையோ 1280 முதல் 1300 டிகிரி. அந்த வெப்பத்தில் குளத்து மண் பானை உப்பி உருகிச் சரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழுவில் யாராவது ஆர்வத்தில் டெரகோட்டா மண்ணில் செய்ததை உள்ளே வைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள தட்டும் பாழ். ஸ்டோன்வேர் மண்ணுக்கோ தட்டுகளுக்கோ நீங்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலமும் தொலைவில் இல்லை.

இனி வடிவமைப்பு. விறகுச் சூளையில் எரிபொருள் விறகு மட்டுமல்ல, காற்றும்தான். மின்விசிறியோ பர்னரோ இல்லாமல், புகைபோக்கிக்குள் ஏறும் சூடான காற்று மட்டுமே வெளியிலிருந்து புதிய காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே காற்று நுழையும் வழி, தீயறை, பாத்திர அறை, வெளியேறும் துளைகள், புகைபோக்கி என்று அந்தப் பாதையை முதலில் தாளில் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் அதன் குறுக்குப் பரப்பு எவ்வளவு என்று எழுதிவிட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும். பாதையில் ஓரிடம் குறுகிவிட்டாலும் மற்ற இடங்களில் தாராளமாக விட்டது வீண்.

சூளை கட்டுபவர்களிடையே நெடுநாளாக வழங்கும் சில விகிதங்கள் உண்டு. விறகுச் சூளையில் தீயறைக் கிராதியின் (விறகு எரியும் கம்பித் தட்டி) பரப்பு, புகைபோக்கியின் உள் குறுக்குப் பரப்பைப்போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். புகைபோக்கியின் உள்ளளவை 9 அங்குலச் சதுரமாக வைத்தால் 81 சதுர அங்குலம். கிராதி 810 சதுர அங்குலம் வேண்டும். 45 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட தீயறை சரியாக அந்த அளவைத் தருகிறது. 45 என்பது ஐந்து கல்லின் நீளம், 18 என்பது இரண்டு கல்லின் நீளம் என்பதால் கல்லை வெட்டும் வேலையும் குறையும். பாத்திர அறையின் அகலமும் அதே 45 அங்குலம். தீ செல்லும் திசையில் 36 அங்குலம். நடு உயரம் சுமார் 48 அங்குலம். தீயறைக்கும் பாத்திர அறைக்கும் நடுவே நாலரை அங்குலக் கனத்தில், ஆங்காங்கே துளைவிட்ட தாழ்வான தடுப்புச் சுவர் ஒன்று வேண்டும். தீ அதன்மேல் தாவி, கூரையாக அமையும் வளைவைத் தொட்டு, பாத்திரங்களுக்கிடையே கீழே இறங்கி, பின்சுவரின் அடியில் உள்ள துளைகள் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். வெளியேறும் துளை ஒவ்வொன்றையும் நாலரை அங்குல அகலம், இரண்டு வரிசைக் கல் உயரம், அதாவது 6 அங்குலம் என்று வைத்து நான்கு துளை விடுங்கள். மொத்தம் 108 சதுர அங்குலம் வரும். அது புகைபோக்கியின் பரப்பைவிடச் சற்று அதிகம்தான். தெரிந்தே அப்படிச் சொல்கிறேன். பெரிதாக விட்ட துளையில் கல் துண்டைச் செருகிச் சுருக்கலாம். சிறிதாகக் கட்டிவிட்ட துளையை அகலப்படுத்தச் சுவரையே இடிக்க வேண்டியிருக்கும்.

புகைபோக்கியின் உயரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தீ கீழ்நோக்கி இழுக்கப்படும் ஒவ்வொரு அடிக்கும் 3 அடியும், கிடைமட்டமாகச் செல்லும் ஒவ்வொரு 3 அடிக்கும் 1 அடியும் சேர்க்க வேண்டும். உங்கள் சூளையில் வளைவிலிருந்து தரைவரை ஏறத்தாழ 4 அடி, தீயறையிலிருந்து புகைபோக்கிவரை ஏறத்தாழ 6 அடி என்று கொண்டால், 12-உம் 2-உம் சேர்ந்து 14 அடி. கொட்டகைக் கூரைக்கு மேலே அது குறைந்தது மூன்றடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் 16 அடியாகவே கட்டிவிடுங்கள். இழுவை மிகுந்தால் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. புகைபோக்கியில் மூன்றரை அடி உயரத்தில் ஒரு பிளவு விட்டு, உடைந்த சூளைத்தட்டு ஒன்றை அதில் செருகி முன்னும் பின்னும் நகர்த்தும்படி டேம்பர் அமைப்பது ஒரு முறை. அடியில் இரண்டு மூன்று கல்லைப் பூசாமல் வைத்து, தேவைப்படும்போது உருவிக் குளிர்காற்றை உள்ளே விட்டு இழுவையைத் தளர்த்துவது இன்னொரு முறை. இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமாகத் திருத்த இரண்டாவது முறைதான் கைகொடுக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, பக்கத்து வீடு எந்தத் திசையில் இருக்கிறது, கடற்காற்று எந்த நேரத்தில் திரும்புகிறது என்பதை ஒரு மாதமாவது கவனியுங்கள். விறகு போடும் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் கரும்புகை வரும். அதை முன்கூட்டியே அக்கம்பக்கத்தாரிடமும் ஊராட்சியிடமும் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மேலே மின்கம்பி போகக் கூடாது. கொட்டகைக்குக் கீற்று வேயவே கூடாது, தகரம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அந்த மண் ஊறிக் கிடக்கும் என்பதால், சூளை தரைமட்டத்திலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். ஈரத்தின்மேல் நிற்கும் சூளை, முதல் பல மணி நேர விறகைத் தன் அடிமண்ணை உலர்த்தவே தின்றுவிடும். கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் ஹாலோ பிளாக் கற்களைத் துளைகள் கிடைமட்டமாக இருக்கும்படி வரிசையாக வைத்து, அதற்கு மேல் சூளைத் தரையை எழுப்புங்கள். துளைகள் வழியே காற்று ஓடுவதால் வெப்பம் கான்கிரீட்டுக்கு இறங்காது. முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய கான்கிரீட் தன் வலுவை இழக்கத் தொடங்கிவிடும்.

கல்லுக்கு வருவோம். சந்தையில் ஐ.எஸ். 6, ஐ.எஸ். 8 என்று இரண்டு தர ஃபயர் பிரிக் கிடைக்கும். முன்னது மிதமான வெப்பத்துக்கு, பின்னது உயர் வெப்பத்துக்கு. தீயறை, பாத்திர அறையின் உட்புறம், வளைவு மூன்றுக்கும் ஐ.எஸ். 8 மட்டுமே. தரைக்கு அடியிலும் புகைபோக்கியின் கீழ்ப்பகுதிக்கும் ஐ.எஸ். 6 போதும். புகைபோக்கியின் மேல்பாதிக்கு நன்றாக வெந்த நாட்டுச் செங்கலே தாங்கும். 9 அங்குலக் கனச் சுவர், இரண்டு வரிசைத் தரை, 9 அங்குல வளைவு, பாதிப் புகைபோக்கி எல்லாம் சேர்த்தால் சுமார் 1,500 கல் வருகிறது. உடைசலுக்கும் வாசல் அடைப்புக்கும் சேர்த்து 1,650 வாங்குங்கள். கல் ஒன்று ஏறத்தாழ 4 கிலோ என்றால் ஆறு டன்னுக்கு மேல் எடை. லாரி நிலத்துக்குள் வரும் வழி, இறக்கும் இடம், அங்கிருந்து சூளைக்குக் கைமாற்றிக் கொண்டு சேர்க்க ஆட்கள் எல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். பழைய உலைகளிலிருந்து பிரித்த கல் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் ஒரு மூலையை உடைத்துப் பார்த்து, உட்புறம் கண்ணாடிபோல் உருகியிருந்தாலோ உப்புப் படிந்திருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள்.

சிமெண்ட் கலவையை உட்சுவரில் எங்கும் பயன்படுத்தக் கூடாது. ஃபயர் கிளேயை (வெப்பம் தாங்கும் களிமண்) மோர் பதத்துக்குக் கரைத்து, கல்லை அதில் தோய்த்து எடுத்து அப்படியே வைத்துத் தட்டினால் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் பூச்சு கல்லை ஒட்டவைப்பதற்காக அல்ல, ஆடாமல் உட்கார வைப்பதற்காக. கொத்தனாரை உதவிக்கு அழைத்தால் இதைத்தான் முதலில் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அரை அங்குலக் கலவை போட்டுக் கட்டியே பழகிய கை அது. ஆனால் ரசமட்டமும் தூக்குக்குண்டும் நூலும் பிடிப்பதில் அவருக்கு இணையாக உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். மூலைகளை அவர் எழுப்ப, நடுவை நீங்கள் நிரப்புவது நல்ல ஏற்பாடு. 6 அடி நீளமுள்ள சுவரின் உள்முகம் 1300 டிகிரியில் ஏறத்தாழ அரை அங்குலம் நீளும். அந்த நீட்சிக்கு இடம் வைக்க, மூன்றடிக்கு ஒருமுறை கால் அங்குல இடைவெளி விட்டு அதில் அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். முதல் சூட்டில் அட்டை எரிந்துபோய் இடம் மிஞ்சும். வரிசைக்கு வரிசை இந்த இடைவெளி ஒரே நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி அமைய வேண்டும்.

வளைவுதான் எல்லோரும் அஞ்சும் பகுதி. உண்மையில் அளவாகச் செய்தால் இதுவே மிக மகிழ்ச்சியான வேலை. வளைவு தீயறைப் பக்கச் சுவரிலிருந்து புகைபோக்கிப் பக்கச் சுவருக்குப் பாயட்டும். அதாவது தீயறை 18, தடுப்புச் சுவர் நாலரை, அறை 36, ஆக 58.5 அங்குலம், கிட்டத்தட்ட 5 அடி. அடிக்கு 2 அங்குலம் வீதம் 10 அங்குல எழுச்சி கொடுக்கலாம். பாத்திரம் ஏற்றும் வாசலையும் விறகு போடும் வாய்களையும் வளைவின் எடை இறங்காத மற்ற இரண்டு சுவர்களில் வைத்துக்கொண்டால், வாசலைத் திறந்து மூடும்போது வளைவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஒட்டுப்பலகையில் சென்ட்ரிங் செய்து, அதை ஆப்புகளின்மேல் நிறுத்தி, ஆப்பு வடிவ ஆர்ச் கற்களை இருபுறமிருந்தும் ஒரே வேகத்தில் ஏற்றிவந்து நடுவில் பூட்டுக் கல்லை இறக்க வேண்டும். பூட்டுக் கல்லை மரச்சுத்தியால் தட்டி இறக்குங்கள். இரும்புச் சுத்தியால் அடித்தால் கல்லின் விளிம்பு சிதறும்.

சென்ட்ரிங்கை எடுப்பதற்கு முன் இரும்புச் சட்டம் முடிந்திருக்க வேண்டும் என்பது இதில் தளர்வே இல்லாத விதி. வளைவு தன் எடையை இரு சுவர்களையும் வெளியே தள்ளுவதில் செலுத்துகிறது. நான்கு மூலைகளிலும் கனமான ஆங்கிள் நிறுத்தி, வளைவு உட்காரும் சாய்கல்லின் மட்டத்தில் கிடைமட்ட ஆங்கிளால் தாங்கி, மேலேயும் கீழேயும் மரைபோட்ட கம்பிகளால் இறுக்கிய பிறகே ஆப்புகளைத் தளர்த்த வேண்டும். அப்போது வளைவு நூலிழை இறங்கி உட்காரும், பயப்பட வேண்டாம். கம்பிகளை நட் போட்டு இறுக்குவதற்கு ஏற்றபடி வைத்தால், சுடும்போது சற்றுத் தளர்த்தவும் ஆறியதும் இறுக்கவும் வசதி. கடலோரத்தில் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வண்ணம் பூசும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். வளைவின்மேலும் வெளிச்சுவரிலும் களிமண்ணோடு உமி கலந்து 4 அங்குலக் கனத்துக்கு அப்பினால் அதுவே நல்ல வெப்பக்காப்பு. செராமிக் ஃபைபர் விரிப்பு இதைவிட நன்றாகக் காக்கும் என்றாலும், அதன் இழைத்தூசு நுரையீரலுக்குக் கேடு; பலர் வந்துபோகும் கூட்டுச் சூளையில் அதைத் திறந்தபடி வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கிராதிக்கு வார்ப்பிரும்புக் கம்பிகளை வாங்கி, இரு முனையிலும் கல்மேல் சும்மா உட்காரவையுங்கள். சில சூட்டில் அவை வளையும். உருவி எடுத்து மாற்ற முடிய வேண்டும். கிராதிக்கும் சாம்பல் குழித் தரைக்கும் நடுவே ஒரு முழ உயரமாவது இருக்கட்டும்.

குழுவின் விஷயத்தில், கல் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டிய சில உண்டு. நிலம் ஒருவருடையது, சூளை பன்னிரண்டு பேருடையது. நிலத்தை விற்க நேர்ந்தால் கல்லும் தட்டும் யாருக்கு? ஒருவர் விலகினால் அவர் பங்குப் பணம் திரும்பக் கிடைக்குமா, புதிதாகச் சேர்பவர் எவ்வளவு தர வேண்டும்? இவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவது எளிது. சிமெண்ட் போடாமல் கட்டச் சொன்னதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. பிரித்தால் பெரும்பாலான கல் முழுசாகக் கிடைக்கும். அன்றாடச் செலவை ஆளுக்குச் சமமாகப் பங்கிடுவதைவிட, தட்டில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் இடத்தை அளந்து கட்டணம் வைப்பது நியாயம், ஏனென்றால் பெரிய ஜாடி செய்பவரும் சிறு கிண்ணம் செய்பவரும் ஒரே விறகை எரிப்பதில்லை. உழைப்பை மணிக்கணக்கில் ஒரு நோட்டில் எழுதுங்கள்; விறகு பிளக்க வராதவர் சூடு முடிந்த அன்று பாத்திரம் எடுக்க மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பது எல்லாக் கூட்டுச் சூளையிலும் நடக்கிற கதை.

விறகுக்கு உங்கள் கடற்கரையில் சவுக்கைவிடச் சிறந்தது கிடையாது. நேராகப் பிளக்கும், கனமானது, நன்றாக எரியும். ஒரு சூட்டுக்கு முக்கால் டன்னிலிருந்து ஒன்றேகால் டன் வரை கணக்கில் வையுங்கள். முதல் சூட்டுக்கு அதற்கு மேலும் அரை டன் கைவசம் இருக்க வேண்டும். வெட்டிய விறகில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அதை 20 அங்குல நீளத்தில் அறுத்து, பிளந்து, மழை படாமலும் காற்றோட்டமாகவும் ஆறு மாதம் அடுக்கி வைத்தால்தான் சூளைக்கு ஆகும். அதனால் விறகை அடுக்குவது கட்டுமானத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. அஸ்திவாரம் தோண்டும் அன்று விறகு ஏற்கனவே பாதி காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கனமாகப் பிளந்து தனித்தனியே அடுக்குங்கள். தொடக்கத்துக்கு முழங்கைக் கனம். 1100 டிகிரிக்கு மேல் மணிக்கட்டைவிட மெல்லியது. கடைசிக் கட்டத்தில் நீண்ட சுவாலை வேண்டும்போது நன்றாகக் காய்ந்த தென்னை மட்டை கொஞ்சம் சேர்க்கலாம்.

அடுக்கும்போது தட்டுகளின் மேற்புறத்தில் அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் சரிபாதி கலந்த பூச்சு வேண்டும். பாத்திரம் ஒவ்வொன்றின் அடியிலும் அதே கலவையைக் கெட்டியாகப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை ஒட்டித்தான் தட்டில் வைக்க வேண்டும். பறந்துவரும் சாம்பல் எல்லாவற்றையும் தட்டோடு ஒட்டிவிடும். மூடியுள்ள பாத்திரத்தில் மூடிக்கும் வாய்க்கும் நடுவேயும் இதேபோல் உருண்டை வேண்டும். அடுக்குவதை மூன்று பேருக்கு மேல் செய்ய வேண்டாம்.

புதுச் சூளையை எடுத்த எடுப்பில் சுட்டுவிட முடியாது. பாத்திரமில்லாமல் இரண்டு மூன்று நாள் சிறுதீ மூட்டிச் சுவரின் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். சுவர் நன்றாக உலரும்வரை அது தொடரட்டும். பிறகு உண்மையான சூட்டில், முந்தைய இரவு கிராதிக்கு வெளியே சிறுதீ. விடிந்ததும் தீயறைக்குள் கொண்டுவந்து மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றுங்கள். 573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிவடைகிறது. அந்த இடத்தை அவசரமின்றிக் கடக்க வேண்டும். 900 டிகிரியில் டேம்பரைச் சற்று உள்ளே தள்ளி, பார்வைத் துளையில் மென்மையான தீநாக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி ஒரு மணி நேரம் வைத்தால், ஆக்சிஜன் குறைந்த அந்தச் சூழலில் மண்ணிலுள்ள இரும்பு நிறம் மாறும்.

இதற்குப் பின்னால் வருவதுதான் தாளம். விறகு போட்டதும் புகைபோக்கியில் கரும்புகை, அறைக்குள் வெப்பம் சற்றுக் குறையும். இரண்டொரு நிமிடத்தில் புகை தெளியும், தீ பொன்னிறமாகும், வெப்பம் முன்னைவிடச் சற்று மேலே ஏறும். புகை முற்றிலும் தெளிந்து தீநாக்கு உள்ளே இழுபடத் தொடங்கும் கணத்தில் அடுத்த விறகு. இரு பக்க வாய்களிலும் இருவர் நின்றால், ஒருவர் மாற்றி ஒருவர் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் திணித்தால் சூளை மூச்சுத் திணறும். கூட்டுச் சூளையில் அதிகம் நடக்கும் தவறு, வெப்பம் ஏறவில்லையே என்று பதறி மேலும் மேலும் விறகைத் திணிப்பது. 1150-க்கும் 1200-க்கும் இடையே பெரும்பாலான சூளைகள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்போது கிராதியின்மேல் தணல் அளவுக்கு மீறிச் சேர்ந்து காற்றை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் கீழிருந்து கம்பியால் கிளறிவிட்டு, சாம்பல் குழியைத் திறந்து, அடுத்த பல நிமிடம் மெல்லிய விறகைக் குறைவாகப் போட்டால், நின்றுபோன வெப்பம் தானாக ஏறும். தணல் மிகவும் குறைந்துவிட்டாலும் சிக்கல்தான், ஏனென்றால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்குவதே அந்தத் தணல். கிராதியின்மேல் ஒரு சாண் உயரம் என்பது நல்ல அளவு.

வெப்பத்தை அறிய பைரோமீட்டர் வையுங்கள். ஆனால் அதில் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதை மட்டும் பாருங்கள். அதன் வெப்ப உணரியான மலிவான கே வகைத் தெர்மோகப்பிள் இந்தச் சூழலில் விரைவில் பழுதாகும், எண்ணும் தவறும். முடிவைச் சொல்ல வேண்டியது கோன்கள்தான்; குறிப்பிட்ட வெப்பத்தில் மடங்கும், எண்ணிட்ட சிறு கூம்புகள் அவை. 8, 9, 10, 11 என்று நான்கு கோன்களைக் களிமண் அடித்தளத்தில் செருகி, முன்வரிசை மேலே ஒன்றும் பின்வரிசை கீழே ஒன்றுமாக இரண்டு தொகுதி வையுங்கள். முன்னால் 10 மடங்கிப் பின்னால் 8 நிமிர்ந்தே நின்றால், டேம்பரைச் சற்று உள்ளே தள்ளித் தீயைப் பின்னால் தேங்கவிட வேண்டும். சாம்பல் எப்படி உருகியிருக்கிறது என்று காண, களிமண் வளையங்கள் சிலவற்றைப் பார்வைத் துளைக்கு அருகே வைத்து நீண்ட கம்பியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அது மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து 1240 டிகிரிக்கு மேல்தான் கண்ணாடியாகிறது. பச்சையாகப் பளபளக்கும்வரை அவசரப்படாதீர்கள்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒருவர் மட்டுமே முடிவெடுப்பவர். மற்றவர்கள் ஆலோசனை சொல்லலாம், டேம்பரைத் தொடக் கூடாது. புதியவர் அரை மணி நேரம் முன்னதாக வந்து பழையவரோடு நின்று தாளத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே பொறுப்பை வாங்க வேண்டும். நேரம், வெப்பம், டேம்பர் நிலை, விறகின் கனம், காற்றின் திசை அனைத்தும் கால் மணிக்கொருமுறை நோட்டில் ஏறட்டும். தீயின் முன் நிற்பவர் பருத்தி ஆடை மட்டுமே உடுத்த வேண்டும். துப்பட்டாவும் தொங்கும் தலைப்பும் வேண்டாம். தோல் கையுறை ஈரமாக இருந்தால் நீராவி கையைச் சுட்டுவிடும். பார்வைத் துளையில் பார்க்க வெல்டிங் கண்ணாடி அவசியம். தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; கொட்டகையின் பக்கங்கள் திறந்தே இருந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்காது.

கடைசிக் கோன் மடங்கியதும் காற்று வழிகளையும் விறகு வாய்களையும் டேம்பரையும் மூடி, பிளவுகளில் சேறு பூசிவிட்டுக் குறைந்தது இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பார்வைத் துளையிலுள்ள கல்லைக்கூட உருவக் கூடாது. 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு வாசலின் மேல்வரிசைக் கல்லில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து அரை நாள் வையுங்கள். பாத்திரத்தை இறக்கும்போது அது எந்தத் தட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதைப் படமெடுத்து நோட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்வரிசை வேகாமல் வந்திருந்தால் அடுத்த முறை வெளியேறும் துளைகளில் ஒன்றைக் கல் துண்டால் பாதியாகச் சுருக்குங்கள். முன்வரிசை மட்டும் உருகி வழிந்திருந்தால் தடுப்புச் சுவரை ஒரு வரிசை உயர்த்துங்கள். ஒரு சூட்டுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. தட்டுகளைத் தேய்த்துப் பூச்சு அடித்து, சாம்பல் குழியைக் காலிசெய்து, சட்டத்தின் நட்டுகளை இறுக்கிவிட்டு, அடுத்த சூட்டுக்கான விறகைப் பிளக்கும் நாளையும் குறித்த பிறகு பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.